மேற்குச் சுவரில் நான்காவது கேள்வி

“வினாடி வினா லிஸ்ட்ல இருந்து ஜெசிந்தா பேரை அடிச்சிரட்டுமா, டீச்சர்?” என்று கேட்டார் நாச்சியப்பன்.

அவர் பூகோள ஆசிரியர்; ஓய்வுபெறும் வயது. பெனாசிர் டீச்சர் கணினி ஆசிரியை. நாச்சியப்பனின் மகளைவிட இளையவர். ஆனாலும் கியூஆர் கோடு தயாரிக்கக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவர்தான் தனக்குக் குரு என்று ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லி வந்தார் நாச்சியப்பன்.

அன்று கடைசிப் பாடவேளையில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதையல் வேட்டை. வளாகம் முழுக்க நாச்சியப்பன் ஒட்டிய கியூஆர் கோடுகள். டேப்லெட்டைக் காட்டினால் ஒரு கேள்வி வரும். சரியான விடையைப் போட்டால், அடுத்த கோடு எங்கே என்று சொல்லும். மாவட்ட வினாடி வினாவுக்கு ஆள் எடுப்பதும் இதை வைத்துத்தான்.

ஜெசிந்தா ஒரு மாதமாக அட்லஸும் கையுமாக அலைந்தவள். எரித்திரியாவின் தலைநகரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் நான்காவது கோடு இருந்த இடத்தில் போய் நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். அவளுடைய குழு அவளை விட்டுவிட்டு ஓடியது.

கடைசிக் கோட்டுக்குக் காவலாக மாடியில் இருந்த நாச்சியப்பன், அங்கிருந்தே அவளை நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்.

அவள் அண்ணாந்து பார்த்து, “நான் இங்கதான் நிக்கணும், சார்” என்றாளாம்.

“எவ்வளவு திமிர் பாருங்க, டீச்சர்.”

பெனாசிர் டீச்சர் ஒரு டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். நான்காவது கோடு ஒட்டியிருந்த சைக்கிள் நிறுத்துமிடத்துச் சுவர் வந்ததும் நின்றார்.

“ஸ்கேன் பண்ணுங்க, சார்.”

நாச்சியப்பன் காட்டினார். லேமினேட் செய்த தாள் கண்ணாடிபோல் மின்னியது. திரை முழுக்க வெள்ளை வெளிச்சம். சாய்த்துப் பிடித்தார். கிட்டே போனார். மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

“வெயில் படாத இடமா ஒட்டுங்கன்னு சொல்லியிருந்தேனே.”

“காலையில ஒட்டும்போது இங்க நிழல்தானே இருந்துச்சு?”

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சூரியன் எந்தப் பக்கம் போகும் என்று காலமெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவர். போவது சூரியன் அல்ல, சுற்றுவது பூமி என்பது வேறு விஷயம். அந்தப் பாடத்தையும் அவர்தான் நடத்துகிறார்.

குரு சிரிக்கவில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டி, சுவருக்கு முன்னால் வந்து நின்றார். அவருடைய நிழல் தாளின்மேல் விழுந்தது.

டேப்லெட் ‘டிங்’ என்றது. கேள்வி வந்தது.

நாச்சியப்பன் அதைப் படிக்கவில்லை. எல்லாக் குழுக்களும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் மாடிக்கு வந்து சேர்ந்திருந்தன.

“இப்ப நான் நகரலாமா, சார்?” என்று கேட்டார் பெனாசிர் டீச்சர்.

பிள்ளைகள் பேருந்துக்கு நிற்கும் வாசலைப் பார்த்து, செருப்பு ஒன்று கழன்றதையும் கவனிக்காமல், நாச்சியப்பன் ஓடிக்கொண்டிருந்தார்.