மாற்று ஆள்

பட்டாளத்தில் காலமெல்லாம் காவல் நின்ற ஹவில்தார் கன்னியப்பன், ஓய்வுக்குப் பிறகு மாரடைப்பு வந்து தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "முன்னாள் ராணுவத்தினர் கிளினிக்கில் செலவுக்குக் கையெழுத்து வாங்கி வந்தால்தான் ஆபரேஷன்" என்றது ஆஸ்பத்திரி. அவர் மனைவி வேண்டாமிர்தம் கிளினிக்குக்கு ஓடினாள்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் ஒரு ரிட்டையர்டு கர்னல். மீசையை நீவிக்கொண்டே, "நோயாளியை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். கூட்டி வா" என்றார்.

"கட்டிலை விட்டு அசையவே கூடாதுன்னு டாக்டர் உத்தரவுங்கய்யா."

"ரூல் என்றால் ரூல்தான்!"

வேண்டாமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரிங்கய்யா. காவல்ல நிக்கிற சிப்பாய் மாத்து ஆள் வராம இடத்தை விட்டு நகரலாமுங்களா?"

"நகர்ந்தால் தண்டனைதான்!" கர்னல் மேசையைத் தட்டினார்.

"அப்ப நீங்களே மாத்து ஆளா வந்து அந்தக் கட்டில்ல படுத்துக்குங்க. நான் அவரை இங்க அனுப்பி வைக்கிறேன்."

வரிசையில் உட்கார்ந்திருந்த பழைய சிப்பாய்கள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். கர்னல் பேனாவை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

கர்னலைக் கண்டதும் கன்னியப்பன் சல்யூட் அடிக்க எழப் பார்த்தார். கர்னல் அவர் தோளை மெல்லப் பிடித்தார்.

"அசையாதே ஹவில்தார். மாற்று ஆள் இன்னும் வரவில்லை."