பாலத்தில் நின்ற இருவர்

இதைக் கேட்டதும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள்.

தூத்துக்குடியில் ரோஸ்லினுக்கும் கிளாட்வினுக்கும் கல்யாணமான புதிது. பழைய வீடியோ கேம் பெட்டிகள் பலவற்றின் வேஷத்தையும் தானே போட்டுக்கொள்ளும் மென்பொருள் ஒன்று அவர்கள் கணினியில் இருந்தது. எந்தப் பெட்டியின் ஆட்டமானாலும் அதில் ஆடலாம். நினைத்த நொடியில் அப்படியே உறையவும் வைக்கலாம். இருவரும் சேர்ந்து ஆட்டத்தில் ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது கப்பல் வேலைக்கு அழைப்பு வந்தது. கிளாட்வின் ஆட்டத்தை உறையவைத்தான்.

“நா வந்ததும் ரெண்டு பேருமா முடிப்போம். அதுவரைக்கும் தொட்டுராத, என்ன?”

“தொட மாட்டேன். நீங்க வாங்க.”

அவன் போனபின் வீடு வெறிச்சோடிவிட்டது. வேலையிலிருந்து வந்ததும் கணினியைத் திறப்பாள். பாலத்தின்மேல் அவன் ஆளும் அவள் ஆளும் அசையாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். சற்றுநேரம் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். துணைக்கு வேறு யாரும் இல்லை.

ஒருநாள் கணினி இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றாகிவிட்டது. பழுது பார்க்க வந்த சுடலைமணி கையை விரித்தான்.

“புதுக் கம்ப்யூட்டர்ல புது வெர்ஷன்தான் ஓடும்க்கா. உறைய வச்சது அதுல தொறக்காது. பாலத்தைத் தாண்டுனா ஒரு சத்திரம் வரும்லா, அங்க போயி சேவ் பண்ணுங்க. அது தொறக்கும்.”

கிளாட்வின் நடுக்கடலில். போன் கிடைக்கவில்லை. ரோஸ்லின் இடது கையால் அவன் ஆளையும் வலது கையால் தன் ஆளையும் நடத்தினாள். விழுந்தவர் மறுபடி எழாத ஆட்டம் அது. பலமுறை இருவருமே விழுந்தார்கள்; ஒவ்வொரு முறையும் உறையவைத்த இடத்திலிருந்தே மறுபடி தொடங்கினாள். கடைசியில், கையிலிருந்த ஒரே மருந்தை அவன் ஆளுக்குக் கொடுத்தாள். தன் ஆள் ஆற்றோடு போக, அவன் ஆள் சத்திரம் சேர்ந்தான். சேவ் செய்து, அதைப் பென்டிரைவில் எடுத்துவைத்தாள். இன்னொரு தடவை முயல்வதற்குள் கணினி அணைந்தது. பிறகு எழவேயில்லை.

ஊர் திரும்பிய கிளாட்வினிடம் நடந்ததைச் சொல்லி, புதுக் கணினியைத் திறந்து காட்டினாள்.

“ஒங்க ஆளு பத்திரமா இருக்கான், பாருங்க.”

“ஒன் ஆளு எங்க?” என்று கேட்டவன், அதற்குமேல் ஆடவில்லை.

ரோஸ்லின் கொடுத்த வாக்கை மீறிவிட்டாள் என்கிறாள் நாத்தனார் ஜெசிந்தா. அக்கா தொடாவிட்டால் ஆட்டமே போயிருக்கும் என்கிறான் சுடலைமணி. இதில் யார் சொல்வது சரி?

விடை: இரண்டுமே ஒட்டவில்லை. தொட்டது குற்றமில்லை, அதற்காக அவன் கோபிக்கவும் இல்லை. அவள் தவறியது மருந்தைக் கொடுத்த இடத்தில். அவன் பிழைத்தால் போதும் என்று நினைத்துவிட்டாள், பாவம். கடலில் அவனும் தனியாகத்தான் கிடந்தான். வீட்டுக்கு வந்தும் தனியாகவே ஆடு என்றால் என்ன செய்வான்?