புகைக்குப் பங்கு வைத்த ஏரி

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் காது கேட்கட்டும். இது ரொம்பக் காலத்துக்கு முந்திய சங்கதி. எவ்வளவு காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ஒரு மலை இருந்தது. மலைக்குக் கீழே ஓர் ஏரி இருந்தது. அந்த ஏரியை நம்பி மூன்று ஊர்கள் இருந்தன.

ஏரியை ஒட்டி இருந்தது தலைமடை. அதன் தலைவர் திருமேனி. அதற்கடுத்து நடுமடை. அதன் தலைவர் வீரபாகு. வாய்க்கால் முடிகிற இடத்தில் கடைமடை. அந்த ஊருக்குத் தலைவி பவளாயி. வாக்குக் கொடுத்தால் மாற மாட்டாள் என்று பெயர் எடுத்தவள்.

தண்ணீரைப் பிரிக்க அந்தக் காலத்து ராஜா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஏரிக்காவலர் காலையில் கரைமேல் ஏறி நின்று, எந்த ஊரில் எத்தனை அடுப்பு புகைகிறது என்று பார்ப்பார். அடுப்புக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி மடையைத் திறந்துவிடுவார். என்றைக்கு வந்து பார்ப்பார் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். ஒருநாள் மட்டும் பொய்யாகப் புகை போட்டு ஏமாற்றிவிடக் கூடாதே, அதற்காக ராஜா செய்த ஏற்பாடு. ரொம்ப நாள் இது ஒழுங்காகத்தான் நடந்தது.

ஆனால் திருமேனி சும்மா இருப்பாரா? அடுப்பு கூடினால் பங்கு கூடும், பங்கு கூடினால் இன்னும் நாலு வயலில் நெல் போடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உடனே ஊரில் தமுக்கு அடித்தார். இனிமேல் மாமியாரும் மருமகளும் தனித்தனியாக உலை வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மருமகள்கள் எல்லாம் அவர் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அப்புறம் வெளியூர் நெசவாளிகளை, மனை இலவசம், தண்ணீர் தாராளம் என்று சொல்லி அழைத்து வந்தார்.

வீரபாகுவுக்கு மூக்கில் வியர்த்தது. தலைமடை அப்படி என்றால் நான் மட்டும் என்ன இளைத்தவனா என்று, அவரும் வெளியூர் எண்ணெய்ச் செக்காரர்களை அழைத்து வந்தார். அதோடு விட்டாரா? மாட்டுத் தொழுவத்தில் ஓர் அடுப்பு, வைக்கோல் போர் பக்கத்தில் ஓர் அடுப்பு. மாடு என்ன சமைக்கப் போகிறதா? புகை வந்தால் போதும்.

பவளாயி மட்டும் ரொம்ப யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. அவளும் குயவர் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்து அழைத்து வந்து குடிவைத்தாள். ஆளே இல்லாத களத்துமேட்டில் வரிசையாக அடுப்பு போட்டாள். மற்ற இரண்டு ஊரும் செய்யும்போது நான் விட்டால் என் ஊர் காய்ந்துபோகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காவலர் என்றைக்கு வருவார் என்று தெரியாதல்லவா? அதனால் பொய் அடுப்புகள் தினமும் எரிந்தன. விறகுக்கு எங்கே போவது? மலைக்குப் போனார்கள். ஓரத்து மரத்தை வெட்டினார்கள், சரிவு மரத்தை வெட்டினார்கள், உச்சி மரத்தையும் வெட்டினார்கள். மழை வந்தபோது மொட்டை மலை மண்ணை எல்லாம் உருட்டிக்கொண்டு வந்து ஏரியில் கொட்டியது. ஏரியின் வயிறு மேடாகிவிட்டது. பங்கு வருஷத்துக்கு வருஷம் கூடியது. பங்குபோடத்தான் தண்ணீர் இல்லை.

அந்தக் கோடையில் குயவர் வீட்டுச் சீரங்காயி காலிக் குடத்தோடு பவளாயி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பிள்ளை.

"தாயி, எங்களை வாங்கன்னு கூப்பிட்டது நீங்க. இங்க குடிக்கவே தண்ணி இல்ல. போறதுன்னா இப்பவே போயிடணும், வெயில் ஏறிட்டா பிள்ளைங்க நடக்காது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள்.

பவளாயிக்கு அவமானமாக இருந்தது. போங்கள் என்று சொன்னால் வாக்குத் தவறியவள் ஆவாள். இருங்கள் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் தாகத்தில் சாகும்.

"இன்னும் கொஞ்சம் பொறு சீரங்காயி, நான் கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினாள்.

நேராகத் திருமேனியிடம் போனாள். "அண்ணே, மூணு ஊரும் பொய் அடுப்பை இடிச்சிடுவோம். மலையும் பிழைக்கும், ஏரியும் பிழைக்கும்" என்றாள்.

"முதல்ல வீரபாகுவை இடிக்கச் சொல்லும்மா" என்றார் அவர்.

வீரபாகுவிடம் போனாள். "திருமேனி இடிக்கட்டும், மறு நிமிஷம் நான் இடிக்கிறேன்" என்றார் அவர்.

பவளாயி ஊருக்குத் திரும்பினாள். கடப்பாரையை எடுத்துக் களத்துமேட்டு அடுப்புகளைத் தானே இடித்துத் தள்ளினாள். காவலர் வந்து பார்த்தார், கடைமடைப் பங்கைப் பாதியாகக் குறைத்தார். மற்ற இரண்டு தலைவர்களுக்கும் வாயெல்லாம் பல். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் பவளாயி ஊர் ஜனத்தைக் கூட்டினாள். "தண்ணி எங்க இருக்கோ அங்க போவோம். பாதிப் பேர் நடுமடைக்கு, பாதிப் பேர் என்னோட தலைமடைக்கு" என்றாள். சட்டி, பானை, ஆடு, மாடு, கோழி, குழந்தை எல்லாம் கிளம்பிவிட்டன.

திருமேனி வாசலில் போய் நின்று சொன்னாள்: "அடுப்பு வேணும்னு ஆசைப்பட்டீங்களே அண்ணே, கொண்டு வந்திருக்கேன். இதெல்லாம் நிஜ அடுப்பு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் பசியும் தாகமும் இருக்கு."

திருமேனிக்கு முதல் நாள் சந்தோஷம்தான். புகையை எண்ணிப் பார்த்துப் பூரித்துப் போனார். இரண்டாம் நாள் ஊர்க் கிணற்றில் கயிறு போதவில்லை, முடிச்சுப் போட்டு நீட்டினார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவியே காலிக் குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். பங்கு எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது, குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர் இல்லை. நடுமடையிலும் அதே கதைதான்.

மூன்று தலைவர்களும் ஏரிக்கரையில் கூடினார்கள். மூன்று ஊர் ஜனமும் பின்னால் வந்து நின்றது.

திருமேனிதான் முதலில் பேசினார். "இதுக்கு ஒரே வழிதான். புதுசா வந்தவங்களைத் திருப்பி அனுப்பிடணும்" என்றார்.

"அனுப்பலாம் அண்ணே" என்றாள் பவளாயி. "ஆனா யார் யாரை அழைச்சு வந்தாங்களோ, அவங்களே முகத்தைப் பார்த்துச் சொல்லணும். உங்க நெசவாளிங்க அதோ நிக்கிறாங்க. முதல்ல நீங்க சொல்லுங்க."

திருமேனி திரும்பிப் பார்த்தார். அவர் வண்டி அனுப்பி அழைத்து வந்த ஜனம். ஒரு சின்னப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்தாள். போன தீபாவளிக்கு அவர் கையால் பலகாரம் வாங்கித் தின்ற பெண். வீரபாகு தன் செக்காரர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னால சொல்ல முடியாது" என்று கடைசியில் ஒத்துக்கொண்டார் திருமேனி. கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"என்னாலயும் முடியல. அதனாலதான் உங்க வாசலுக்கு வந்தேன்" என்றாள் பவளாயி.

அதற்குப் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்தது. பொய் அடுப்பு எல்லாம் அன்றைக்கே இடிந்தது. கடைமடை ஜனம் தங்கள் ஊருக்கே திரும்பியது. அந்த வருஷம் மூன்று ஊரிலும் நெல் கிடையாது, கம்பும் கேழ்வரகும்தான். நெல்லுக்கு என்று ஏரியில் விட்டுவைத்திருந்த கொஞ்சத் தண்ணீரையும் குடிப்பதற்கே ஒதுக்கினார்கள். பழையவர், புதியவர் என்று பார்க்காமல் எல்லோரும் ஏரியில் இறங்கி மண் வெட்டினார்கள். வெட்டிய மண்ணில் சீரங்காயி வீட்டார் மூன்று ஊருக்கும் பானை செய்தார்கள். மொட்டை மலையில் கன்று நட்டார்கள். வழக்கத்தையும் மாற்றினார்கள். ஏரி நடுவில் ஒரு கல் நட்டு, கல்லில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் பங்கு என்றார்கள். புதிதாக யாரை அழைப்பதென்றாலும் மூன்று தலைவர்களும் சேர்ந்து நின்று அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் அழைக்க வேண்டும்.

ஏரி ஒரே வருஷத்தில் நிறைந்துவிடவில்லை. நிறைந்தது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். மெதுவாகத்தான் ஏறியது.

ஒருநாள் கரும்பு ஆலை வைக்கிற பெரிய வியாபாரி ஒருவர் தலைமடைக்கு வந்தார். நூறு குடும்பத்தோடு வருகிறேன், ஊரே செழித்துவிடும், இடம் கொடுங்கள் என்றார். திருமேனி அவரைக் கரைக்கு அழைத்துப் போனார். வீரபாகுவுக்கும் பவளாயிக்கும் ஆள் அனுப்பினார். மூன்று பேரும் கல்லைப் பார்த்தார்கள். மற்ற இருவரும் வாயைத் திறக்கும் முன்னால் திருமேனியே வியாபாரியிடம் சொன்னார்.

"இந்த வருஷம் வேண்டாம் ஐயா. உங்களை வாங்கன்னு கூப்பிட்டுட்டு, அப்புறம் உங்க வீட்டுப் பிள்ளைங்க முகத்தைப் பார்க்க முடியாம நான் நிக்க மாட்டேன்."

ஆகவே பெரியவர்களே, சின்னவர்களே, ஒரே நீரைக் குடிக்கும் ஊர்கள் அந்த நீர் எத்தனை பேரைத் தாங்கும் என்று சேர்ந்து பார்த்த பிறகே வளர வேண்டும்.