அறைக்குள் ஒரு பிளம்ஸ் கிளை

"அம்மா, மொட்டெல்லாம் உதிர்ந்துபோச்சு."

சபாபதி கைக்குட்டையை விரித்துக் காட்டினார். உள்ளே மிளகு மிளகாக இருபது முப்பது பிளம்ஸ் மொட்டுகள். எல்லாம் கருகியிருந்தன.

திலகவதி அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைச் சரிவு முடியும் இடத்தில் அவருடைய ஆசிரமம். இரண்டு அறை, ஒரு தோட்டம். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர் சபாபதிக்கு அறுபத்து நான்கு. அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை அண்ணே என்பார்.

"கிளையை வெட்டி அடுப்புப் பக்கத்துல வச்சீங்களா?"

"சூடு இருந்தா சீக்கிரம் பூக்கும்னு நினைச்சேன். ராத்திரியெல்லாம் விறகு போட்டேன்."

"பூக்கணுமா, பொரியணுமா?"

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார்.

"மரம் மாசியிலதான் பூக்கும். அதுவரைக்கும் எதுக்குங்க பொறுக்க முடியல?"

"கௌசி வந்திருக்கா."

அம்மா மொட்டைக் கீழே வைத்தார்.

கௌசல்யா சபாபதியின் ஒரே மகள். மூன்று வருடம் முன்பு தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். சபாபதி கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன் பிறகு இப்போதுதான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"சின்ன வயசுல பிளம்ஸ் பூத்தா பள்ளிக்கூடமே போக மாட்டா. மரத்தடியிலயே நிப்பா. தை பத்தாம் தேதி கிளம்புறா அம்மா. இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. அந்தப் பூவைக் காட்டிட்டா..."

"காட்டிட்டா?"

"ஏதாவது பேசுவா. இப்ப கேட்டதுக்கு 'உம்', 'இல்ல', அவ்வளவுதான். விருந்தாளி மாதிரி தட்டைக் கழுவி வச்சிட்டுப் போறா."

அம்மா எழுந்தார். தோட்டத்து மரத்திலிருந்து மொட்டு பருத்த கிளைகளாகப் பார்த்து மூன்று வெட்டினார். அடிநுனியைக் கத்தியால் கீறிவிட்டார்.

"அம்மா, இதுல காய் பிடிக்குமே."

"பிடிக்கும்."

கிளைகளை அவர் கையில் கொடுத்தார்.

"உங்க வீட்டுல ரொம்பச் சூடும் இல்லாம, ரொம்பக் குளிரும் இல்லாம எந்த அறை?"

சபாபதி தயங்கினார். "கௌசி படுக்கிற அறை."

"அங்க வைங்க. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி மாத்தணும். வெதுவெதுன்னு இருக்கட்டும். மொட்டு மேல கொஞ்சம் தெளிக்கணும். முடிஞ்சதும் வெளிய வந்துடணும்."

"அவ உள்ள இருப்பாளே."

"இருக்கட்டும்."

"என்ன பேசுறது?"

"கிளைகிட்டயா?"

"அவகிட்ட, அம்மா."

"நீங்க தண்ணி மாத்தத்தானே போறீங்க?"

முதல் நாள் சபாபதி கதவைத் தட்டினார். "ம்" என்று சத்தம் வந்தது. கிளைகள் இருந்த ஜாடியில் தண்ணீரை மாற்றினார். தெளித்தார். வெளியே வந்தார். கௌசல்யா போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள், அவர் செம்பு வைக்க இடம் தேடியபோது, மேசையிலிருந்த புத்தகத்தை அவள் நகர்த்தினாள்.

நான்காம் நாள் அவர் ஊற்றும்போது தண்ணீர் கொஞ்சம் சிந்திவிட்டது. அவள் எழுந்து துடைத்தாள். 

ஆறாம் நாள் விடியற்காலையில் நல்ல பனி. முழங்கால் பிடித்துக்கொண்டு சபாபதியால் எழ முடியவில்லை. வெயில் வந்த பிறகு செம்போடு மெல்ல நடந்து போனார். ஜாடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

எட்டாம் நாள் சாயங்காலம் அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன்பா வரல?"

எந்த ஊர், எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சபாபதிக்கு மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த பதில்கள் இருந்தன. சொந்தக்காரர்கள், உடம்பு, லீவு. அவர் செம்பைக் கீழே வைத்தார்.

"வீம்பும்மா," என்றார்.

மறுநாள் காலையில் சபாபதி ஆசிரமத்துப் படிகளில் மூச்சு வாங்க ஏறினார். சால்வை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா! திட்டிட்டா!"

திலகவதி அம்மா பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல! அவங்க அம்மா திட்டுற மாதிரியே திட்டினா. நீங்கல்லாம் ஒரு அப்பாவான்னு கேட்டா. மாப்பிள்ளை மண்டப வாசலையே பார்த்துக்கிட்டு நின்னாராம் அம்மா, எனக்காக. தாலி கட்ற வரைக்கும். அதைச் சொல்லி அழுதா. நானும் அழுதேன். அப்புறம் மூக்கைத் துடைச்சிட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேட்டா."

"சாப்பிட்டீங்களா?"

"ரெண்டு பேரும் சாப்பிட்டோம்."

அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"கிளை பூத்துச்சா, அண்ணே?"

சபாபதி வாயைத் திறந்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் பார்க்கலையே அம்மா."