சாம்பலுக்குள் இருந்த இன்ஜின் பிளாக்

கோயம்புத்தூரில், உடைந்த வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து ஒட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் மாஸ்டர் கோகிலவாணிக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் தொழில் கற்க வந்த ரங்கதுரைக்கு ஐம்பத்து நாலு. வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் வந்தவர். அவர் இவரை மாஸ்டர் என்பார், இவர் அவரை அண்ணா என்பார். இதில் இருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை. தெருவில் சிலருக்குத்தான் இருந்தது.

எண்ணெய் மில்காரர் நாகமாணிக்கத்திடம் அவருடைய அப்பா காலத்துக் கார் ஒன்று இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அதை மலையேற்றி, இன்ஜின் பிளாக்கை ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட வைத்தார். பிறகு பிளாக்கை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து பட்டறையில் போட்டார். 'அவர்' என்று எழுதவே கை கூசுகிறது. இருக்கட்டும்.

திங்கட்கிழமை மாஸ்டர் பிளாக்கைக் கரி நெருப்பில் மெல்ல மெல்லச் சூடேற்றி, விரிசலை ஒட்டினார். ஒட்டிய கையோடு அதைச் சாம்பல் தொட்டிக்குள் இறக்கி, மேலேயும் சாம்பலைக் கொட்டி மூடினார்.

"வியாழக்கிழமை வரைக்கும் தொடக்கூடாதுங்ணா. சூட்டோட காத்துப் பட்டா வெடிச்சிரும்."

"சரிங்க மாஸ்டர்."

மறுநாள் காலை, பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் நாகமாணிக்கத்தின் குரல் வந்தது. யாரோ அதை ரங்கதுரைக்கு அனுப்பிவைத்தார்கள்.

"அந்தப் பொம்பளை என்ர பிளாக்கை உடைச்சுப்போட்டா. அதான் சாம்பல்ல மூடி வெச்சிருக்கா. கேட்டா வியாழக்கிழமைங்கறா. யாரும் அங்க வேலை குடுத்து ஏமாந்துராதீங்க."

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பேர் போன் செய்து, தருவதாக இருந்த வேலையைத் தரவில்லை என்றார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த பெயர். நரம்பில்லாத ஒரு நாக்குக்கு அது ஒரு நிமிஷ வேலை.

"கேட்டீங்களா மாஸ்டர்?"

"கேட்டேன்."

"பதில் பேச மாட்டீங்களா?"

மாஸ்டர் சாம்பலின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சுடுதுங்ணா."

"நான் பிளாக்கைக் கேக்கலீங்க."

மாஸ்டர் கேஸ் சிலிண்டர் வாங்கக் கிளம்பிவிட்டார்.

ரங்கதுரைக்கு மனசு ஆறவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதற்காக அப்படியே விட்டுவிடுவதா? பொய் சொன்னவன் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பான். உழைத்தவர் வாய் திறக்காமல் சிலிண்டர் வாங்கப் போக வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

மதியம் நாகமாணிக்கமே வந்தார். குரூப்பிலிருந்து வேறு இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார்.

"எங்கப்பா உங்க மாஸ்டரம்மா? ஓடிட்டாளா?"

"மரியாதையாப் பேசுங்க."

"பிளாக்கைக் காட்டு, மரியாதை தாரேன். முழுசா இருந்தா காட்டறதுக்கு என்ன?"

ரங்கதுரை மம்பட்டியை எடுத்தார். சாம்பலை வாரி வாரி வெளியே தள்ளினார். பிளாக்கைச் செயின் கப்பியில் மாட்டித் தூக்கினார். ஒட்டிய இடம் வழவழவென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

"பாருங்க. நல்லாப் பாருங்க. எங்க உடைஞ்சிருக்குது?"

திறந்திருந்த கதவு வழியாகக் காற்று வந்தது.

டிங்.

சத்தம் சின்னதுதான், வெண்கலச் சொம்பை நகத்தால் சுண்டினதுபோல. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே, முடி அளவுக்கு ஒரு புதுக்கோடு ஓடியது.

நாகமாணிக்கம் சிரித்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். காலையில் அவர் சொன்ன பொய் மதியம் நிஜமாகிவிட்டது. நிஜமாக்கியது ரங்கதுரையின் கை.

அப்போதுதான் மாஸ்டர் திரும்பி வந்தார். கப்பியில் தொங்கிய பிளாக்கைப் பார்த்தார். வெளியே கிடந்த சாம்பலைப் பார்த்தார்.

"இது எங்க கையால ஆனதுங்க," என்றார் நாகமாணிக்கத்திடம். "ஞாயித்துக்கிழமை வாங்க. சரி பண்ணித் தாறோம்."

விரிசல் மேல் விரிசல் விட்ட பிளாக்கை வேறு எந்தப் பட்டறையிலும் தொடமாட்டார்கள் என்று தெரிந்ததால் நாகமாணிக்கமும் சரியென்று போனார்.

ரங்கதுரைக்குத் தலை நிமிரவில்லை.

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுக்கலியேங்ணா," என்றார் மாஸ்டர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ரங்கதுரைக்கு.

புதன்கிழமை மறுபடியும் கரி, மறுபடியும் நெருப்பு, மறுபடியும் சாம்பல். இந்த முறை மூடியது ரங்கதுரை. யாரும் கிட்டே வராதபடி நாற்காலியைப் போட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்கை எடுத்தார்கள். தண்ணீரை ஏற்றி ஒரு மணி நேரம் அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

நாகமாணிக்கம் அதே இரண்டு பேரோடு வந்தார். தடவிப் பார்த்தார். "பரவால்லையே," என்றார். மூன்று பேருமாகப் பிளாக்கைத் தூக்கக் குனிந்தார்கள்.

மாஸ்டர் பிளாக்கின் மேல் கையை வைத்தார்.

"இருங்க. இதுல ரெண்டு விரிசல் இருந்துச்சு. மொதலாவது, நீங்க தண்ணியில்லாம ஓட்டுனது. ரெண்டாவது, நாங்க அவசரப்பட்டது. ரெண்டையும் அந்த குரூப்புல உங்க வாயாலயே சொல்லுங்க. சொல்லிப்போட்டு எடுத்துட்டுப் போங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. நாகமாணிக்கம் கூட வந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் போனை எடுத்து எதையோ முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க," என்றார் மாஸ்டர். "அன்னிக்குப் பேசுன சத்தத்துல பேசுங்க."

பேசினார்.

வண்டி போன பிறகு ரங்கதுரை மெல்லச் சொன்னார். "உங்களுக்குக் கோவமே வராதுன்னு நெனச்சுட்டேன் மாஸ்டர்."

மாஸ்டர் தொட்டியில் சாம்பலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கிழமையே வந்துருச்சுங்ணா. கையில எடுக்கற சூட்டுக்கு வர அஞ்சு நாளாச்சு."