கை பட்டதும் அணைகிறது

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தொன்று. அச்சுப்பிழை அல்ல.

குருவின் பெயர் தில்ஷாத். தூத்துக்குடியில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடர் பூவலிங்கம், கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தில்ஷாத் ஒரு காலத்தில் அவரிடம் தமிழ் வழியில் படித்தவள்தான். அவளுடைய செய்முறை நோட்டில், விட்டுப்போன ஒற்றெழுத்தையெல்லாம் சிவப்பு மையில் போட்டுக் காட்டி, ஒற்றுக்கு அரை மதிப்பெண் வீதம் குறைத்தவர் அவர். இப்போது தொழில் கற்க அவளிடமே வந்து சேர்ந்திருந்தார். அவளை "டீச்சர்" என்று கூப்பிட்டார். அது கிண்டலா மரியாதையா என்று அவள் விசாரிக்கவில்லை.

அன்று காலை, சீரியல் லைட் போடும் சேசுராஜ் தன் பழைய லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"தங்கச்சி, உசுரே இல்ல! ஆறரைக்கு மாதா கோவில் சப்பரம் கிளம்பும். விளக்கு மயிலை ஆட வைக்கிற புரோகிராம் இதுலதான் இருக்கு. மயிலுக்குப் போற கேபிள் புது லேப்டாப் எதுலயும் சொருவாது."

"ஒருநாள் விளக்கு இல்லாம சப்பரம் போகாதா அண்ணே?"

"போகும். அடுத்த வருசம் எல்ஈடி திரைக்காரனும் வந்துருவான். கமிட்டியில சொல்லிட்டானுவ. பன்னெண்டு வருசமா நான் போடுற கோவில்மா."

"சார் பார்ப்பார்," என்றாள் தில்ஷாத்.

சீடருக்கு உடம்பெல்லாம் மின்சாரம் பாய்ந்தது. தனியாகப் பார்க்கும் முதல் மெஷின்.

சார்ஜர் செருகும் முனை உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்தார். பத்தரை மணிக்குத் திரை ஒளிர்ந்தது.

"வந்துட்டு!" என்று சேசுராஜ் துள்ளினான்.

சோதித்துப் பார்க்கச் சீடர் இரண்டு கைகளையும் விசைப்பலகை மேல் வைத்தார். அணைந்தது.

நோட்டை எடுத்து எழுதினார்: முனை சரிசெய்யப்பட்டது. கை பட்டதும் அணைகிறது.

வேறு சார்ஜர் போட்டார். திரை ஒளிர்ந்தது; கை வைத்தார்; அணைந்தது. பேட்டரியைக் கழற்றினார். மெமரியை எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினார். விசிறித் தூசியை ஊதினார். விசைப்பலகையையே மாற்றினார். ஒவ்வொரு முறையும் "பிடிச்சுட்டேன்!" என்றார். ஒவ்வொரு முறையும் நோட்டில் அதே வரி.

"இதோட ஆறு தடவை பிடிச்சுட்டீய அண்ணாச்சி," என்றான் சேசுராஜ்.

நான்கு மணிக்குச் சீடர் சூடுகாற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

"டீச்சர், இனி மதர்போர்டுதான். சிப்பைக் கழற்றப் போறேன்."

"கழற்றினா திரும்ப உட்காரும்னு உறுதியா சார்?"

"பாதிக்குப் பாதி."

சேசுராஜ் சிலுவை போட்டுக்கொண்டான்.

தில்ஷாத் எழுந்து வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மெஷினைப் போட்டு விசைகளைத் தட்டினாள். திரையில் மயில் தோகை விரித்தது. கால் மணி நேரம் ஆடியது. எழுந்து இடம் கொடுத்தாள். சீடர் கை வைத்தார். அணைந்தது.

"ஒங்களுக்குக் கைராசி இல்ல அண்ணாச்சி."

"இயற்பியலில் கைராசி கிடையாது," என்றார் சீடர், கொஞ்சம் நிச்சயமில்லாமல்.

"சேசுராஜ் அண்ணே, இதை மூடினா என்ன ஆகும்?" என்று கேட்டாள் தில்ஷாத்.

"நின்னுரும். வேன்ல போகையில சூடாகுதுன்னு நாந்தான் அப்படி வச்சிருக்கேன்."

அவள் சீடரின் இடது மணிக்கட்டைப் பார்த்தாள்.

"என்ன காப்பு சார் அது?"

"ரத்த அழுத்தத்துக்கு. பொருட்காட்சியில் வாங்கினேன். உள்ளே ஆறு காந்..."

காந்தவியல் தாளுக்கு முப்பத்தொரு வருடம் கேள்வி எழுதியவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

தில்ஷாத் கையை நீட்டினாள். அவர் கழற்றிக் கொடுத்தார். மெஷினை மறுபடி போட்டு, அவருடைய மணிக்கட்டு படியும் இடத்தில் காப்பை வைத்தாள். திரை கறுத்தது. எடுத்துவிட்டுப் போட்டாள். மயில் ஆடியது.

"மூடியில ஒரு குட்டிக் காந்தம் இருக்கு. காந்தம் எது பக்கத்துல வந்தாலும், மூடிட்டாங்கன்னு மெஷின் நினைச்சுக்கும்."

"அட மாதாவே!" சேசுராஜ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். துண்டை மறந்துவிட்டான்.

ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னால் பேண்டு வாத்தியம் முழங்கியது.

"அண்ணாச்சி! மயில் விரிஞ்சிட்டு! சனம் கைதட்டுது, கேக்குதா?"

கேட்டது. சீடர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், மெஷின் எப்போ சரியாச்சு?"

"பத்தரைக்கே. உங்க கையாலதான்."

"அப்போ, அதுக்கப்புறம் நான் எழுதினதெல்லாம்?"

தில்ஷாத் நோட்டை வாங்கினாள். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். கடைசி வரியின் கடைசிச் சொல்லுக்கு நடுவில் ஒரே ஓர் எழுத்தைச் செருகி, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

கை பட்டதும் அணைக்கிறது.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார்," என்றாள். "ஒரு ஒற்றுதான் விட்டுட்டீங்க."