ஒரே வரிக் கட்டளை

சோலைமலை தன் குருவை "மேடம்" என்றுதான் கூப்பிடுவார். குரு அவரை "சார்" என்பார். குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சிஷ்யருக்கு ஐம்பத்து மூன்று.

வீட்டில் உயிருக்குப் பயந்து வெளியேறிய பெண்களை மறைவாகத் தங்கவைக்கும் ஓர் அறக்கட்டளை அது. மதுரையில் இருந்தது. பௌசியா அங்கே கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பு. சோலைமலை அதே கட்டிடத்தில் இருபது வருஷம் ஒயரிங்கும் ஜெனரேட்டரும் பார்த்தவர். ஒருநாள் மாடியேறி வந்து, "எனக்கும் சர்வர் கத்துக்குடுங்க மேடம்" என்று நின்றார். பௌசியா ஒரு நாற்காலியைக் காட்டினார். ஆபீஸில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு சிரிக்க வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

அறக்கட்டளையின் பதிவெல்லாம் இருந்த அந்தச் சர்வர் அறுநூற்றுப் பதினோரு நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சோலைமலைக்குப் பெருமை தாங்காது. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்த ஜெனரேட்டர் பார்த்த மனுஷருக்குக் கை வருமா? யார் பார்க்க வந்தாலும் நாள் கணக்கைச் சொல்லாமல் விட மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் சர்வருக்கு ஒரு கட்டளை போட்டார். உள்ளே ஓடும் எந்த நிரலும் இனிமேல் எளிதில் உடைபடும் பழைய மறையாக்க முறையில், அதாவது பழைய பூட்டுப் போட்டு, வெளியாளோடு பேசக் கூடாது. ஒவ்வொரு நிரலாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, மொத்தத்துக்கும் ஒரே வரி போதும். போட்டதும் திரையில் ஏதோ ஒரு குறிப்பு வந்தது. சோலைமலை அதைப் படிக்கவில்லை. பௌசியாவிடம் போய், "முடிச்சிட்டேன் மேடம்" என்றார். பௌசியா "சரி சார்" என்றார்.

மறுநாள் காலை ஜெசிந்தா மேலே வந்தார். பெண்களைத் தங்கவைக்கும் வீடுகளெல்லாம் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

"அண்ணே, தேனியிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருக்கு. கையில ரெண்டு பிள்ளைக. புருஷன்காரன் ஊர் ஊராத் தேடிக்கிட்டு அலையிறான். அவன் தம்பி கம்ப்யூட்டர் வேலை பாக்குறவனாம். அது தங்கியிருக்குற வீட்டு அட்ரஸ சர்வர்ல ஏத்தலாமா? வெளிய யாரும் எடுத்துற மாட்டாங்கல்ல?"

"தைரியமா ஏத்துங்கம்மா. நேத்தே இறுக்கிப் பூட்டியாச்சு" என்றார் சோலைமலை.

ஜெசிந்தா நிம்மதியாகப் படியிறங்கினார். பௌசியா எழுந்து சர்வர் இருந்த ரேக்குக்குப் பின்னால் போய்விட்டு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ஒரே வரியில எல்லாம் அடங்கிருச்சே. இதுக்கு மேல இதுல கத்துக்க என்ன இருக்கு?"

பௌசியா எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தார். பத்து வருஷத்துக்கு முந்தையது, பழைய மறையாக்க முறைகளைத் தவிர வேறொன்றும் தெரியாதது. அதில் சர்வரின் முகவரியைத் தட்டினார். உள்ளே நுழையும் பக்கம் பளிச்சென்று திறந்தது.

சோலைமலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இது திறக்கவே கூடாதே!"

ஓடிப்போய்த் தன் கட்டளையைச் சரிபார்த்தார். போட்டது போட்டபடி இருந்தது.

"யாருக்குப் போட்டீங்க சார்?"

"சர்வருக்கு."

"அதுல இப்ப யார் யார் ஓடுறாங்கன்னு பாருங்க. எப்பலேர்ந்து ஓடுறாங்கன்னும் பாருங்க."

பட்டியல் வந்தது. வலைப்பக்கத்தைத் திறந்துவிடும் நிரலின்மேல் பௌசியா விரலை வைத்தார்.

"இது எப்ப எந்திரிச்சது?"

"அறுநூத்திப் பதினோரு நாளைக்கு முன்னாடி."

"உங்க கட்டளை?"

"நேத்து."

"எந்திரிக்கும்போது ஒரு தடவைதான் இது விதியைப் படிக்கும். அதுக்கப்புறம் இது நிக்கவே இல்லையே சார்."

சோலைமலை நேற்றுப் படிக்காமல் விட்ட குறிப்பை இப்போது தேடிப் படித்தார்; அதிலும் இதேதான் இருந்தது. நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும். நிறுத்தினால் அறுநூற்றுப் பதினோரு நாளும் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, இத்தனை நாள் ஓடியது திரும்ப எழுந்திருக்காவிட்டால்?

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல யாரும் இருக்க மாட்டாங்க. அன்னைக்கு ரீஸ்டார்ட் பண்ணிருவோம் மேடம். கட்டளைதான் இருக்கே."

"சரி. ஜெசிந்தாகிட்ட ஞாயித்துக்கிழமைன்னு சொல்லிருங்க."

"பூட்டியாச்சுன்னு இப்பத்தானே சொன்னேன்..."

பௌசியா பழைய லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

சோலைமலை எழுந்தார். இரண்டிரண்டு படியாக இறங்கினார். அந்த வயதில் இறங்கக் கூடாத வேகம்.

"என்னண்ணே இது, அனுப்புனா சுத்திக்கிட்டே கெடக்கு, போக மாட்டேங்குது" என்றார் ஜெசிந்தா. திரையில் தெருப்பெயரும் கதவு எண்ணும் தெரிந்தன.

"போக வேணாம்மா. அழிச்சிருங்க. நான் பூட்டல. பூட்டாமலே பூட்டிட்டேன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தார். அழித்தார். பிறகு, "இனிமே உங்ககிட்ட கேட்டுட்டு மேடத்துகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"கேளுங்கம்மா. கேக்கணும்" என்றார் சோலைமலை. அவருக்கு அது நன்றாகவே வலித்தது.

மேலே வந்தவர் பௌசியாவிடம் எதுவும் கேட்கவில்லை. தானே உட்கார்ந்து சர்வரை நிறுத்தினார். விசிறிச் சத்தம் அடங்கியது. அந்த அறையை அவ்வளவு அமைதியாக அவர் கேட்டதே இல்லை. பிறகு விசிறிகள் சுழன்றன. ஆறு நிமிஷம். ஏசியிலும் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

சர்வர் எழுந்தது. பழைய லேப்டாப்பில் முகவரியைத் தட்டினார். இணைப்பு மறுக்கப்பட்டது. இன்னொரு முறை தட்டினார். அப்போதும் மறுத்தது.

பௌசியா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நீல கேபிளை எடுத்து நீட்டினார். "ஜெசிந்தா ரூமுக்குப் போற கேபிள். ரேக்குக்குப் பின்னாடி பன்னெண்டாம் நம்பர்ல சொருகிடுங்க."

சோலைமலை கேபிளை வாங்கிக்கொண்டு நின்றார். கீழே அது ஏன் சுற்றிக்கொண்டே கிடந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

"தெரிஞ்சேதான் இருந்திருக்கீங்க. நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா சர்வர் நேத்தே சரியாகியிருக்கும் சார்" என்றார் பௌசியா. "நீங்க கீழே இறங்கிப் போயிருக்க மாட்டீங்க."